நிலாவின் ஓரம் பார்த்துப் பெண் எடுத்தவர்

பணத்தைப் பார்த்துப் பெண் எடுத்தவனைப் பார்த்திருக்கிறேன். நஞ்சையைப் பார்த்து எடுத்தவனைப் பார்த்திருக்கிறேன். மாமியார் வைக்கிற மீன் குழம்புக்கு மயங்கிக் கழுத்தை நீட்டியவன் எனக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். ஆனால் நிலாவின் ஓரத்தைப் பார்த்துப் பெண் எடுத்தவர் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவன் நான். இத்தனை வருஷம் கழித்தும், நினைத்தால் நெஞ்சு ஒரு தடவை திக்கென்கிறது.

யுத்த காலம். அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் நான் பார்சல் குமாஸ்தா, அவர் தந்தி குமாஸ்தா. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. சம்பளத்தன்றைக்கு மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் முதல் சோடாக் கடைக்காரன் வரை அவரை அழைத்தது ‘மறைஞ்சிடுச்சு சார்’ என்றுதான்.

ஏன் அந்தப் பேர் என்று குடிவந்த முதல் நாள் சாயங்காலமே எனக்குத் தெரிந்துபோயிற்று. பெட்டியைத் திறந்து வேட்டி சட்டையை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து “மறைஞ்சிடுச்சு! மறைஞ்சிடுச்சு!” என்று ஓர் அலறல். திருடன் புகுந்துவிட்டான் என்று, கையில் அகப்பட்ட செருப்போடு மேலே ஓடினேன். அங்கே ஒல்லியாக ஒரு மனிதர். ஒரு கண்ணில் பித்தளைத் தூரக் கண்ணாடி, ஒரு கையில் கடிகாரம்.

“என்ன சார் போச்சு?” என்றேன் மூச்சு வாங்க.

“நட்சத்திரம். நிலா முழுங்கிடுச்சு.”

“ஐயையோ! இனிமே வராதா?”

“ஏன் வராது? அந்தப் பக்கமா வெளிய வந்துடும்.”

“அப்பறம் எதுக்கு சார் இந்தக் கத்து கத்துனீங்க? பாதி உயிர் போயிடுச்சு எனக்கு!”

அவர் என்னை, சோறு தண்ணி பார்க்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “தம்பி, அது மெல்ல மங்கி மறையும்னு நெனச்சியா? பட்டுனு போகும். அங்க இருந்துச்சு, இப்ப இல்ல. நானும் எத்தினியோ தடவை பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் தூக்கி வாரிப் போடுது. கத்தாம எப்புடி இருக்குறது?”

எந்த நட்சத்திரத்தை நிலா எப்போது மறைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதும், போட்ட கணக்கு சரிதானா என்று மாடியில் ஏறிப் பார்ப்பதும்தான் அவருக்கு வேலை. தந்தி உத்தியோகமெல்லாம் சோற்றுக்கு. கப்பல்காரர்களுக்காகச் சீமையில் அச்சிடுகிற தடித்த புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதிலிருக்கிற சீமை மணியை நம் ஊர் மணியாக்கி, நம் ஊர் எங்கே இருக்கிறதோ அதற்குத் தக்கபடி கூட்டிக் கழித்து, பேன் பார்ப்பதுபோல் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். தினமும் சாயங்காலம் தந்திக் கம்பி வழியாக எல்லா ஸ்டேஷனுக்கும் சரியான மணி வரும். அதை வைத்து அவர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார். அரை விநாடி பிசகினால் அன்றைக்கு ராத்திரி மோர் சாதம் இறங்காது.

“இதுல என்ன சார் லாபம்?” என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன்.

“நட்சத்திரம்ங்கிறது எரியுற விளக்கு. குறுக்க ஒருத்தன் போனா அவன் நிழல் நம்ம மேல விழும். நிழலை அளந்தா போனவன் எம்மாம் பெரிய ஆளுன்னு சொல்லிடலாம். நிலா கிட்டக்க இருக்குது, அது சும்மா பழகிப் பாக்க. சூரியனுக்கு ரொம்பத் தூரத்துல புதுசா ஒரு கிரகம் கண்டுபிடிச்சிருக்கான். அதும் ஒரு நாள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும். அன்னிக்கு அந்த நிழல் எந்த ஊர் மேல ஓடுதோ, அந்த ஊர்க்காரன் அதோட சைசைச் சொல்லிடுவான். அரியலூர் மேல ஓடுச்சுன்னா யாரு பாக்குறது? நீயா பாப்பே?”

நான் பார்க்கமாட்டேன் என்று அவர் முடிவு கட்டியதற்குக் காரணம் உண்டு. ஒத்தை ஆள் பார்த்தால் பாதி வேலைதான், இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று என்னை ஒரு தடவை கோட்டைப் பக்கம் நிறுத்தி வைத்தார். நானும் கண்ணைக் கொட்டாமல் நின்றேன். கடைசி நேரத்தில் ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டுப் பார்த்தால் நட்சத்திரம் இல்லை. அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. தும்மியதற்கு மனிதன் இப்படிக் கோபிப்பானா?

இப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் தேடினாள், பாவம், உடையார்பாளையத்திலிருந்த அவருடைய அக்கா. ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்போடு ஒரு பெண். இவர் சுவரில் ஒட்டியிருந்த ஜில்லா மேப்பில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு “இது வேணாம்” என்றார். வாலிகண்டபுரத்தில் ஒரு பெண், தங்கமான குடும்பம். அளவுகோலை வைத்தார். “கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு, வேணாம்.” அக்கா என் முன்னாலேயே அழுதுவிட்டாள். “தம்பி, இவன் ஸ்கேலால பொண்ணு பாக்குறானே, நான் எந்தச் செவுத்துல போயி முட்டிக்கிறது?” என்றாள். பஸ் வசதியைத்தான் பார்க்கிறார் என்று அவளுக்கு நானே சமாதானம் சொன்னேன். என் புத்தியை எதால் அடிப்பது?

பிறகு பெரம்பலூரில் ஒரு பருத்தி வியாபாரி வீட்டுப் பெண் வந்தது. பேர் செண்பகம். அளவுகோல் வைத்தவர் துள்ளி எழுந்தார். “இதான் பொண்ணு! முடிச்சுடு அக்கா!”

பெண் பார்க்க நானும் போனேன். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண் வந்து நமஸ்காரம் பண்ணியது. நல்ல பெரிய கண்கள், கொஞ்சம் பிடிவாதமான முகவாய். மாப்பிள்ளை எங்கே என்று திரும்பினால், நாற்காலி காலி. வாசலில் நின்று கூரைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மாடிக்கு எப்புடிப் போறதுங்க?” என்று பெண்ணின் அப்பாவைக் கேட்டார். “மேற்கால மரம் மட்டை ஏதாச்சும் மறைக்குதா?”

மாப்பிள்ளை காற்றோட்டம் பார்க்கிறார் என்று அவருக்கு ஒரே பெருமை. மாடிக்குப் போய்விட்டு வந்து “ரொம்பப் பிடிச்சிருக்குங்க” என்றார் நம்ம ஆள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கல்யாணத் தேதியையும் அவரே சொன்னார். மாசி மாசம், வளர்பிறை, முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். ரோகிணி நட்சத்திரம் கூடி வருகிறது, இதைவிட நல்ல நாள் இல்லை என்று ஐயரும் தலையாட்டினார். மாப்பிள்ளைக்கு இவ்வளவு சாஸ்திரம் தெரியுமா என்று வீடே வாயைப் பிளந்தது.

கிளம்பும்போது பெண்ணின் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். பருத்தி மூட்டையை ஒத்தையாகத் தூக்குகிற உடம்பு. குரல் மட்டும் கம்மியிருந்தது. “தம்பி, போன வருஷம் இவளுக்கு நிச்சயம் ஆகி நின்னு போச்சு. பையன் பெரிய உத்தியோகம்னானுவ, எல்லாம் பொய். கேட்டதுக்குப் பொண்ணு மேலயே பழி போட்டுட்டுப் போனானுவ. இன்னொரு தடவை இப்புடி ஆச்சுன்னா எம்பொண்ணை எவன் கட்டுவான்? உங்க சிநேகிதரு நல்லவருதானே?”

“சத்தியமா நல்லவருங்க” என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் பெரம்பலூருக்குக் கரி பஸ்ஸில் போனோம். யுத்தத்தில் பெட்ரோல் ஏது? பின்னால் அடுப்பு மூட்டி, கரிப் புகையில் ஓடுகிற பஸ். பேரளி வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்த கல்யாண மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார்.

“இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு ரோகிணியை நிலா மறைக்குது தம்பி.”

“மறைக்கட்டும் சார். இன்னிக்காச்சும் அதை விடுங்க.”

“எங்க விடுறது? இதுக்குத்தானே இந்தக் கல்யாணமே!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். நிலா நட்சத்திரத்தை மறைப்பது எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் தெரியாதாம். பூமியில் ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு மறையும், அந்தப் பக்கம் இருப்பவனுக்கு மறையாது. சரியாகக் கோட்டின் மேலேயே நிற்பவனுக்கு நட்சத்திரம் நிலாவின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும். நிலாவின் ஓரத்தில் இருக்கிற மலைகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வெளியே வரும். ஆயுசில் ஒரு தடவை கிடைத்தால் பெரிசு.

“அந்தக் கோடு, தம்பி,” என்றார் கண்கள் பளபளக்க, “பருத்திக்காரர் வூட்டு மொட்டை மாடி மேல போகுது. முன்னப் பின்ன அரை மைல்.”

அப்படியானால் முந்திரித் தோப்பை வேண்டாமென்றது இதற்கா? தங்கமான குடும்பம் தள்ளிப்போனது இதற்கா? “சார், பொண்ணை நீங்க பார்க்கவே இல்லையா?”

“கோட்டைப் பார்த்தேனே!”

“அடப்பாவி மனுஷா! அந்தப் பொண்ணோட அப்பாவுக்குத் தெரிஞ்சா பருத்தியோட பருத்தியா உங்களையும் மூட்டை கட்டிடுவாரே! அவரு காதுல இது விழவே கூடாது. கேட்டா, பொண்ணைப் பிடிச்சுதுன்னு சொல்லுங்க.”

“பார்க்காததை எப்புடித் தம்பி பார்த்தேன்னு சொல்றது?” என்றார். நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை. பஸ் கிளம்பியது. பெரம்பலூர் வரும்வரை எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பத்திரிகையில் மாப்பிள்ளை அழைப்பு எட்டரை மணி, புது டைம் என்று போட்டிருந்தது. யுத்தத்துக்காக அப்போது சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. ரயிலும் ஆபீசும் புது டைம். கோயிலும் வயல்காரனும் பழைய டைம். அதனால் எதைச் சொன்னாலும் எந்த டைம் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். எட்டு மணிக்கு, எங்களுக்கு விட்டிருந்த ஜாகையின் மாடியில் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, எட்டரைக்குச் சமர்த்தாக ஊர்வல வண்டியில் ஏறிவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்.

எட்டு மணி ஆயிற்று. ஒன்றும் மறையவில்லை. ரோகிணி செக்கச் செவேலென்று நிற்கிறது. நிலாவுக்கும் அதற்கும் நடுவே இன்னொரு நிலாவை உட்கார வைக்கலாம், அவ்வளவு இடம். எட்டேகால். எட்டரை. கீழே மேளம் கொட்டுகிறது. அவர் அசையவில்லை. முகம் வெளுத்துப்போய், “கணக்குத் தப்பாதே, கணக்குத் தப்பாதே” என்று முணுமுணுக்கிறார்.

அக்கா வந்து கெஞ்சினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் பெண்ணின் அப்பாவே படியேறி வந்தார். “என்ன மாப்ளே, எட்டரை தாண்டிடுச்சு. ஒருவேளை பழைய டைம்னு நெனச்சுட்டீங்களா? பத்திரிகையில புது டைம்னுதானே போட்டிருக்கு?”

நம்ம ஆள் இடி விழுந்ததுபோல் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார். சீமை மணியை நம் மணியாக்கும்போது வருஷக்கணக்காகப் பழகிய பழக்கத்தில் பழைய டைமுக்கே கணக்குப் போட்டிருக்கிறார்! ஸ்டேஷன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்ததே அவர் கைதான். விநாடியைக் கட்டிக் காத்த மனிதர் முழுசாக ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டார்.

“அப்ப ஒம்பதுக்குத்தான் மறையும்!” என்று கூவிக்கொண்டு படியிறங்கி ஓடி, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எது மறையும் என்று பெண்ணின் அப்பா என்னைக் கேட்டார். கூச்சம் மறையும் என்று நான் எதையோ உளறினேன்.

ஊர்வலம் கிளம்பியது. வில்வண்டி, நாயனம், இரண்டு பக்கமும் வரிசையாகத் தலையில் கியாஸ் லைட். நடுவில் மாலையும் கழுத்துமாக நம்ம ஆள், அண்ணாந்த முகத்தோடு. வெட்கத்தில் தலை குனியாத மாப்பிள்ளையை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. பெண் வீட்டுக்கு இன்னும் ஒரு தெரு இருக்கும்போது அவர் வண்டியில் எழுந்து நின்று கத்தினார்.

“விளக்கை அணைங்க! எல்லா விளக்கையும் அணைங்க! மேளத்தை நிறுத்துங்க!”

யுத்த காலத்தில், வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன் இப்படிக் கத்தினால் என்ன அர்த்தம்? “ஜப்பான்காரன் வந்துட்டாண்டோய்!” என்றது ஒரு குரல். மெட்ராஸிலிருந்து குண்டுக்குப் பயந்து ஓடிவந்திருந்த கூட்டம் முதலில் படுத்தது. நாயனக்காரர் வண்டிக்கடியில் புகுந்தார். தவில் உருண்டு போயிற்று. பெண்ணின் அப்பா அக்காவைத் தள்ளிக்கொண்டு ஒரு வாசலில் குப்புற விழுந்தார். விளக்கெல்லாம் அணைந்து தெரு இருண்டது. ஒரு குழந்தைகூட அழவில்லை.

அந்த அமைதியில் அவர் குரல் மட்டும் கேட்டது. “மறைஞ்சிடுச்சு!”

நானும் நிமிர்ந்து பார்த்தேன். ரோகிணி இல்லை. அடுத்த கணம் அதே இடத்தில் பொறி தட்டியதுபோல் வந்தது. “வந்துடுச்சு!” மறுபடி போயிற்று. மறுபடி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தரையில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் மல்லாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை மறைந்து வெளியே வந்த நட்சத்திரம் பிறகு நிலாவை விட்டு விலகி நின்றது. மாப்பிள்ளை வண்டியிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

விளக்கை ஏற்றினார்கள். பெண்ணின் அப்பா வேட்டியெல்லாம் மண்ணாக வந்து நின்றார். “குண்டு எங்க மாப்ளே?”

“குண்டு இல்லீங்க, ரோகிணி” என்று ஆரம்பித்தார் அந்தப் புண்ணியவான். நான் கண்ணால் கெஞ்சினேன், காலை மிதித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. மூன்று தடவை மறைந்தது, கோடு, மாடி, அளவுகோல், முந்திரித் தோப்பு என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். “கோடு உங்க வூட்டு மேல போச்சுன்னுதான் சம்மதிச்சேங்க” என்று முடித்தார்.

பெண்ணின் அப்பா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. “எம்பொண்ணு வாழ்க்கை உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?” என்றார். “கல்யாணம் இல்ல. எல்லாரும் எழுந்து போங்க.” சொல்லிவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். அக்கா ஓவென்று அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். மொத்த ஊர்வலமும் மேளமில்லாமல் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

வாசலில் செண்பகம் நின்றிருந்தாள். அலங்காரம் பண்ணின கல்யாணப் பெண், அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால்! தெருவில் நடந்த பேச்செல்லாம் அதற்குள் யார் வாய் வழியாகவோ அவளுக்கு எட்டியிருக்கவேண்டும். “உள்ள போம்மா” என்றார் அவர், உடைந்த குரலில்.

“போறேம்ப்பா. அவங்க சொன்னது தப்பு. மூணு தடவை இல்ல, நாலு தடவை.”

நம்ம ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “எங்க நின்னு பார்த்தே?”

“மாடியில. விளக்கெல்லாம் பொசுக்குனு போச்சு, ஏரோப்ளேன் வருதோன்னு அண்ணாந்து பார்த்தேன். மூணு தடவை நல்லா மறைஞ்சுது. கடைசியா ஒரு தடவை, கண்ணு சிமிட்டுற நேரம்.”

“தும்மலையா?”

“எதுக்குத் தும்மணும்?”

அவர் விரல் விட்டு எண்ணினார். “தெருவுல மூணு, மாடியில நாலு. ரெண்டும் சரிதான். உனக்கு நேரா நிலா ஓரத்துல இன்னொரு குன்னு இருந்திருக்கு!” என்றவர், பிறகு மெதுவாக, “உம் பேரு என்ன?” என்று கேட்டார்.

ஊரே ‘ஹா’ என்றது. பத்திரிகையில் அச்சடித்த பேரைக்கூட இந்த மனிதர் படிக்கவில்லை! எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்தப் பெண் மட்டும் அவரை நேராகப் பார்த்தாள்.

“செண்பகம். அடுத்த கோடு எந்த ஊர் மேல போகுது?”

“ஜெயங்கொண்டம் பக்கம்.”

“அங்க ஒரு பொண்ணு பார்ப்பீங்களா?”

“எதுக்கு?” என்றார் அவர், கபடமே இல்லாமல். “நாம ரெண்டு பேரும் போயி ஆளுக்கொரு இடத்துல நின்னுக்கலாமே.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. மகள் பக்கத்தில் போய், “நீ என்னம்மா சொல்றே? நீ வேணாம்னா வேணாம். எவன் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கறேன்” என்றார்.

“போன தடவை வந்தவங்க எல்லாம் பொய்யாச் சொன்னாங்கப்பா. இவங்களுக்கு அது வரவே வராது போலருக்கு. கல்யாணம் நடக்கட்டும்.”

நின்றிருந்த இடத்திலேயே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு அதிர்ச்சி முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? மறுநாள் காலை, தாலி கட்டியாயிற்று. அம்மி மிதித்தாயிற்று. ஐயர் பந்தலைக் காட்டி, “அருந்ததி அதோ இருக்கா. பார்த்தேன்னு சொல்லுங்கோ” என்றார். பட்டப்பகல். எல்லாக் கல்யாணத்திலும் எல்லோரும் பந்தல் கீற்றைப் பார்த்துப் பார்த்தேன் என்று சொல்கிறார்கள், நானும் என் கல்யாணத்தில் சொன்னேன். இவர் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“தெரியலீங்க.”

“சும்மா சொல்லுங்கோ, சம்பிரதாயம்!”

“தெரியலீங்களே.”

பெண்ணின் அப்பா பல்லைக் கடித்தார். அக்கா சாமியைக் கும்பிட்டாள். ஐயர் கடைசி நம்பிக்கையாகப் பெண்ணைப் பார்த்து, “நீயாவது பார்த்தேன்னு சொல்லும்மா” என்றார்.

செண்பகம் தலையை நிமிர்த்தி நிதானமாகப் பந்தலைப் பார்த்தாள். “எனக்கும் தெரியலைங்க” என்றாள். “பொழுது போகட்டும், மாடியில போயிப் பார்த்துட்டுச் சொல்றோம்.”

அன்றைக்கு இருட்டியதும் அரியலூருக்குக் கடைசி பஸ். நான் மூட்டையோடு வாசலில் நிற்கிறேன். மேலே மொட்டை மாடியில் இரண்டு பேரும் வடகிழக்கைப் பார்த்தபடி. “வந்துடுச்சா?” என்றது அவர் குரல். “இன்னும் இல்லைங்க, பனைமரம் மறைக்குது. இருங்க, மேல வரட்டும்” என்றது அவள் குரல். பஸ்காரன் ஆரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டான். போனால் போகிறது என்று மூட்டையைக் கீழே வைத்தேன். அவருக்கு அருந்ததி தெரிந்துவிட்டது என்று கேட்காமல் எனக்கு அங்கிருந்து கிளம்ப மனசு வரவில்லை.